6.30-ல் நின்ற டேங்க்

"டொலுவீன் டேங்கில் 3,100 லிட்டர் குறையுது. நைட் ஷிஃப்டில் யாரு?"

அன்றைய காலைக் கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வி இது. டேங்கில் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து சொல்லும் லெவல் டிரான்ஸ்மிட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை என்னுடையது, கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். ஒரு மாதம் போலாகி மூன்றாவது முறையும் சரக்கு குறைந்து, ஒரு மனிதர் கையில் மெமோ போன பிறகுதான் அந்த டேங்கின் மேல் ஏறினேன். அந்தத் தாமதம் இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடலூர்ப் பக்கம் கடலை ஒட்டிய ஒரு ரசாயன ஆலை. டேங்க் 6 மீட்டர் விட்டம், 9 மீட்டர் உயரம், கூம்புக் கூரை, உள்ளே டொலுவீன் என்ற கரைப்பான் திரவம். டேங்கர் லாரியில் வரும், இங்கிருந்து ரியாக்டர் பக்கம் பம்ப் செய்வோம், வெளியே போகும் அளவை ஒரு ஃப்ளோ மீட்டர் கணக்கு வைக்கும், அதில் ஏறும் மொத்த எண்ணை டோட்டலைசர் என்போம். 6 மீட்டர் விட்டம் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 283 லிட்டர். அதாவது 11 சென்டிமீட்டர் தப்பாகக் காட்டினால் போதும், 3,100 லிட்டர் காணாமல் போய்விடும். இந்தப் பெருக்கல் கணக்கைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் போட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. லிட்டரில் கேட்டால் திருட்டு மாதிரி இருக்கிறது, சென்டிமீட்டரில் கேட்டால் கருவிக் கோளாறு மாதிரி இருக்கிறது.

மேலே இருப்பது 26 கிகாஹெர்ட்ஸ் ராடார், கூரையில் நாசில் என்ற குட்டைக் குழாய் வாயில் பொருத்திய 80 மில்லிமீட்டர் ஹார்ன், அதாவது கொம்பு வடிவ ஆன்டெனா. அது உண்மையில் லெவலை அளப்பதே இல்லை, இதை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது அளப்பது நேரம். ஒரு மைக்ரோ அலைத் துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரவத்தில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் போய்வரும் நேரத்தில் 6.7 பிகோ செகண்ட் வித்தியாசம், ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் அதில் ஆறேமுக்கால் பங்குகூட இல்லை. அந்த நேரத்தைத் தூரமாக்கி, நாம் கொடுத்து வைத்திருக்கும் டேங்க் உயரத்திலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்து, மீதியை லெவல் என்று காட்டுகிறது. நாம் கொடுத்த உயரம் தப்பென்றால் லெவல் தப்பு. எது திரவத்தின் எதிரொலி, எது இரும்புக் கம்பியின் எதிரொலி என்று அது எடுத்த முடிவு தப்பென்றாலும் லெவல் தப்பு. இரண்டிலும் அந்தப் பிகோ செகண்டை அளக்கும் வேலையில் மட்டும் ஒரு குறையும் இருக்காது. கருவியைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சுவரைப் பார்த்து நிறுத்திச் சோதித்தால் மில்லிமீட்டர் சுத்தமாகக் காட்டும், பிறகு மேலே கொண்டுபோய் மாட்டினால் பழையபடி தப்பாகக் காட்டும். இதைப் பார்த்துக் குழம்பிப்போய், போன் போட்டுப் புதுக் கருவிக்கு விலை கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

சரி, முதல் நாள் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். தப்பு கருவியிலா, அதிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போகும் கேபிளிலா என்று பிரித்தேன். கன்ட்ரோல் ரூமில் 6.30 மீட்டர். மேலே கருவியின் டிஸ்ப்ளேயிலும் 6.30. 0 முதல் 9 மீட்டருக்கு 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்ட் அனுப்பும்படி செட் செய்திருந்தது, 6.30-க்கு 15.2 வர வேண்டும், மீட்டரில் 15.2 வந்தது. ஆக கேபிள், கார்டு, டிசிஎஸ் என்ற கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரின் ஸ்கேலிங் எல்லாம் சுத்தம். பத்து நிமிட வேலை இது, ஆனால் இதைச் செய்யாமல் ராடாரைத் திறப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வேறொரு டேங்கில் டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சை 8 மீட்டர் என்றும் டிசிஎஸ்ஸில் 8.5 என்றும் ஆளுக்கொரு எண் போட்டு வைத்து, ஆறு மாதம் ராடாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, நம்பிக்கை வந்ததுதான் கெட்டது. டிராயிங்கை விரித்துப் பார்த்தால் உள்ளே இறங்கும் ஃபில் பைப்பைச் சுவரோடு பிடித்திருக்கும் பிராக்கெட் ஒன்று கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த அளவு ஹார்னில் 26 கிகாஹெர்ட்ஸ் கற்றை சுமார் 10 டிகிரி விரியும், மூன்றேகால் மீட்டர் கீழே போகும்போது அரை மீட்டருக்குச் சற்று அதிகமான வட்டம். பிராக்கெட்டின் ஓரம் அதில் விழலாம். டொலுவீன் வேறு பலவீனமான பிரதிபலிப்பான், அதன் மின்கடத்தாப் பொருள் மாறிலி 2.4 அளவில்தான் இருக்கும், அதனால் மேலே வந்து விழும் சக்தியில் 5 சதவீதம்கூடத் திரும்பாது. தண்ணீராக இருந்தால் சுமார் 60 சதவீதம் திரும்பும். பலவீனமான திரவம், பக்கத்தில் பளபளவென்று ஒரு இரும்பு, ராடார் இரும்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஹார்னைத் துடைத்தோம். அலையின் அதிர்வுத் தளம் மாறினால் பிராக்கெட்டின் எதிரொலி குறையும் என்று கருவியை நாசிலோடு பிடித்திருக்கும் ஃபிளேஞ்சைத் தளர்த்தி 90 டிகிரி திருப்பி மாட்டினோம். ஒன்றும் மாறவில்லை. அந்த வாரமே மறுபடி 6.30-ல் நின்றது.

மெமோ வாங்கியவர் எங்கள் சீனியர் ஆபரேட்டர். இருபது வருடத்துக்கு மேல் அந்த டேங்க் ஃபார்மிலேயே இருப்பவர். குறைந்ததாகச் சொன்ன மூன்று முறையில் இரண்டு அவர் ஷிஃப்டில். நான் மேலே ஏறி இறங்குவதை இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் டீ குடிக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இதைப் பாரு. மணிக்கு மணி எழுதி வச்சிருக்கேன், முந்தின ஷிஃப்ட் எண்ணையும் சேர்த்து. டோட்டலைசர் ஓடுது, லெவல் ஓடல. ரெண்டுல ஒண்ணு பொய்."

பார்த்தேன். எட்டு மணிக்கு 6.38. எட்டரை வாக்கில் 6.30. ஒன்பதுக்கு 6.30. பத்துக்கு 6.30. பம்ப் மணிக்கு 5 கியூபிக் மீட்டர் தள்ளிக்கொண்டே இருக்கிறது, ஃப்ளோ மீட்டர் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது, டேங்க் மட்டும் அசையவில்லை. பதினொன்றுக்கு 5.86.

"அண்ணே, பத்து மணிக்குத்தானே ஷிஃப்ட் மாறுது?"

"ஆமா. எனக்கு முன்னாடி இருந்த பையனுக்கு அன்னிக்குச் சரக்கு கூடுதலா வந்திருக்கும். போய்க் கேட்டுப் பாரு. கூடுதலா வந்ததை யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னது அப்படியே சரி. ரெஜிஸ்டரைப் புரட்டினால், அவர் கணக்கில் குறைந்த ஒவ்வொரு முறையும் முந்தைய ஷிஃப்டில் அதே அளவு கூடியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஒரு சொட்டு எங்கும் போகவில்லை. கூடுதல் வந்த தாளில் கையெழுத்துப் போட்டு அடுக்கில் வைத்தவர்கள்தான் குறைந்த தாளுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதை எண்ணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

உடனே கன்ட்ரோல் ரூமுக்குப் போய் இரண்டு மாத டிரெண்டை, அதாவது லெவல் ஏறி இறங்கிய வரைபடத்தை, விரித்தேன். முதல் நாளே விரித்திருக்க வேண்டும். லெவல் இறங்கும்போதெல்லாம் 6.30-ல் ஒரு நேர்கோடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல், பிறகு பொத்தென்று 5.90-க்கு விழுந்து அங்கிருந்து ஒழுங்காக இறங்குகிறது. சரி, இது தெரிந்ததுதான். லாரி வந்து டேங்க் ஏறும்போது என்ன ஆகிறது என்று பார்த்தேன். ஏறும்போது 6.30-ல் நிற்கவில்லை, 5.90-ல் நிற்கிறது. அங்கே நின்று, பிறகு ஒரே தாவலில் 6.30.

என் பிராக்கெட் கதை அந்த இடத்தில் உடைந்துபோனது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கோளாறில் பாதி விடை இதில்தான் இருக்கிறது. ராடார் ஒரு இரும்பைத் திரவம் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டால், அந்த இரும்பு இருக்கும் உயரத்தில்தான் எப்போதும் நிற்கும், ஏறினாலும் இறங்கினாலும் அதே ஒரு எண். நமக்கோ இறங்கும்போது ஒரு எண், ஏறும்போது இன்னொரு எண். அப்படியென்றால் ராடார் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டு எண்களுக்கும் நடுவில் அதற்குக் கண்ணே தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பகுதிக்குள் நுழைகிறதோ அந்த வாசலில் கடைசியாகப் பார்த்த எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் வெளியே வந்ததும் உண்மையைச் சொல்கிறது.

அடுத்த முறை 6.30-ல் நின்றபோது பகல் நேரம். பம்பை நிறுத்தி, பெர்மிட் வாங்கி, குண்டு கட்டிய டேப்பை உள்ளே இறக்கிக் கையால் டிப் எடுத்தோம். டொலுவீன் நிலைமின்சாரத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும் திரவம், அதனால் ஓட்டம் நின்று அரை மணி நேரம் காத்திருந்து, டேப்பை டேங்க்கோடு எர்த் செய்து, மாஸ்க் போட்டுக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும். அவசரத்தில் இதைக் குறைக்கவே கூடாது. டிப் எடுப்பதிலும் தப்பு வரும் என்பதால் முதலில் ரெஃபரன்ஸ் ஹைட் சரிபார்த்தோம், மூடி விளிம்பிலிருந்து குண்டு அடித்தட்டில் தொடும் வரை உள்ள உயரம். டேங்கில் அச்சடித்திருந்த எண்ணுக்கும் டேப்புக்கும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம், பரவாயில்லை. மூன்று முறை டிப். 6.08, 6.08, 6.08. ராடார் அதே நேரத்தில் 6.30 என்று காட்டிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை இணைத்து எக்கோ கர்வைத் திறந்தேன். ராடார் பார்ப்பதை நாமும் பார்க்க அது ஒன்றுதான் வழி. படுக்கைக் கோட்டில் தூரம், செங்குத்தில் எதிரொலியின் பலம். ஃபிளேஞ்சிலிருந்து மூன்றேகால் மீட்டருக்குச் சற்று முன்னால் திரவத்தின் எதிரொலி தெளிவாக, ஒழுங்காக நிற்கிறது. ஆனால் அதன் தலைக்கு மேலே இன்னொரு கோடு, மேப்பிங் கோடு, சரியாக அதே இடத்தில் ஒரு மேடாக எழுந்து எதிரொலியைக் கூடை போட்டுக் கவிழ்த்த மாதிரி மூடியிருக்கிறது.

மேப்பிங் என்றால், டேங்க் காலியாக இருக்கும்போது உள்ளே இருக்கும் பைப், பிராக்கெட், வெல்டிங் தையல் எல்லாவற்றின் எதிரொலிகளையும் கருவிக்குக் காட்டி, "இவை எப்போதும் இருப்பவை, கண்டுகொள்ளாதே" என்று பதிய வைப்பது. பழைய கருவி பழுதாகி ஆகஸ்டில் புதிதாக இதை மாட்டியிருந்தார்கள். அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். மாட்டிய அன்று டேங்கில் 6.10 மீட்டர் சரக்கு. மாட்டியவர்கள் 9 மீட்டர் முழுவதற்கும் மேப்பிங் போட்டிருக்கிறார்கள். அதாவது அன்று அந்த உயரத்தில் இருந்த டொலுவீனையே கண்டுகொள்ளாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கருவி சொன்னபடி கேட்டது. 6.10-க்கு மேலும் கீழும் 20 சென்டிமீட்டருக்குத் திரவம் வரும்போதெல்லாம் அது கண்ணை மூடிக்கொண்டது.

ஓடுகிற ஆலையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் மாட்டுவதற்காக டேங்கைக் காலி செய்து தர மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். அப்படியானால் திரவ மட்டத்துக்கு ஒரு 30 சென்டிமீட்டர் மேலேயே மேப்பிங்கை நிறுத்திவிட வேண்டும், டேங்க் காலியாகும் ஒரு நாளில் வந்து மீதியைப் போட வேண்டும். ஒரு எண்ணை மாற்றித் தட்டும் வேலைதான். அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: எதிரொலி தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்கில் "கடைசி எண்ணைப் பிடித்துக்கொள்" என்று வைத்திருந்தார்கள். அலாரம் என்று வைத்திருந்தால் கரண்ட் 21 மில்லி ஆம்பியருக்கு மேல் போயிருக்கும், கன்ட்ரோல் ரூமில் சத்தம் வந்திருக்கும், முதல் நாளே தெரிந்திருக்கும். அலாரம் தொல்லை வேண்டாம் என்று அமைதியாக வைத்த அந்த ஒரு செட்டிங்தான் ஒரு மனிதரைத் திருடனாக்கப் பார்த்தது.

அசையாமல் நிற்கும் எண்ணைப் பற்றி எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. 2005 டிசம்பர் 11 அதிகாலையில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912-ஆம் எண் டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணியளவில் லெவல் கேஜ் அப்படியே நின்றுவிட்டது. அது ராடார் இல்லை, சர்வோ வகைக் கேஜ். திரையில் டேங்க் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளே பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. தனியாக இருந்த ஹை லெவல் சுவிட்சும் வேலை செய்யவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்து, ஆவி பரவி, காலை 6.01-க்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் உயிர் போகவில்லை. விசாரணையில் வந்த ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது: ஆகஸ்டு கடைசியிலிருந்து அன்று வரை அந்தக் கேஜ் 14 முறை அப்படி நின்றிருக்கிறது. எங்கள் டேங்கிலும் எத்தனை முறை நின்றது என்று டிரெண்டில் எண்ணினேன். 14-க்கு மேல் போனதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். எங்களுக்கு 6 மீட்டரில் நின்றது, 8.5 மீட்டரில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதற்குப் பிறகு ராடார் தப்பாகக் காட்டுகிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் கேட்பது, எப்படித் தப்பாகக் காட்டுகிறது என்பதுதான். காலியோ நிரம்பியோ எப்போதும் ஒரே அளவு வித்தியாசமா? அப்படியென்றால் டேங்க் உயரத்தைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள், இல்லை ஃபிளேஞ்சின் எந்த முகத்திலிருந்து அளப்பது என்பதில் குழப்பம், இல்லை கேஸ்கட்டும் அடாப்டரும் சேர்த்து உயரம் கூடியிருக்கும். கருவியைத் தொட வேண்டியதே இல்லை. டேங்க் இறங்க இறங்க வித்தியாசம் கூடுகிறதா? டேங்குக்குள் செங்குத்தாக நிற்கும் ஸ்டில்லிங் பைப்புக்குள் அளக்கும் டேங்கா என்று கேட்பேன். பைப்புக்குள் அலை கொஞ்சம் மெதுவாகப் போகும், எவ்வளவு மெதுவாக என்பது பைப்பின் உள்விட்டத்தைப் பொறுத்தது. 80 மில்லிமீட்டர் பைப்பில் 26 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 0.36 சதவீதம் மெதுவாகப் போகும். அந்த விட்டத்தைக் கருவியில் கொடுக்காமல் விட்டால் 8 மீட்டர் கீழே சுமார் 29 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும், டேங்க் பாதி நிரம்பினால் 14, முழுக்க நிரம்பினால் கிட்டத்தட்டச் சரி. நிரம்பிய டேங்கில் சரிபார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 20 மீட்டர் விட்டமுள்ள பெரிய டேங்கில் அந்த 29 மில்லிமீட்டர் சுமார் 9,100 லிட்டர்.

காலையில் மட்டும் தாவுகிறதா? மார்கழிப் பனியில் கூரை குளிர்ந்து, உள்ளிருக்கும் ஆவி ஹார்னிலும் நாசிலிலும் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும், வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். மெக்கானிக் பத்து மணிக்கு ஏறிப் பார்க்கும்போது ஒன்றுமே இருக்காது. விடியற்காலை ஐந்தரைக்கு ஏறிப் பார்க்க வேண்டும். டேங்க் அடியில் கொஞ்சம் சரக்கு இருக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே காட்டுகிறதா? டொலுவீன், டீசல் மாதிரி திரவங்களில் அலையின் பெரும்பகுதி ஊடுருவிப் போய் அடித்தட்டில் பட்டுத் திரும்பும், திரவத்துக்குள் அது மெதுவாகப் போவதால் அடித்தட்டு இருக்கும் இடத்துக்கும் கீழே இருப்பதாகத் தெரியும். டொலுவீன் 30 சென்டிமீட்டர் இருக்கும்போது கருவி அடித்தட்டைப் பிடித்துக்கொண்டால் மைனஸ் 16 சென்டிமீட்டர் என்று வரும். பார்க்கப் பைத்தியக்காரத்தனமான எண், ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் அந்த எண்ணை வைத்தே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று திருப்பிக் கணக்குப் போட்டுவிடலாம், அதனால் எனக்கு அது பிடித்தமான கோளாறு. அம்மோனியா டேங்கில் 26 கிகாஹெர்ட்ஸ் கருவி எதிரொலியே இல்லை என்கிறதா? அம்மோனியா வாயு 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அலையை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, அலைவரிசையையே மாற்ற வேண்டும்.

எங்கள் விஷயத்திலும் 80 கிகாஹெர்ட்ஸ் கருவி வாங்கிவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நல்ல கருவிதான், மறுக்கவில்லை, அதே அளவு ஆன்டெனாவில் கற்றை 3 டிகிரிதான் விரியும், பிராக்கெட் பக்கமே போகாது. ஆனால் அதிலும் மேப்பிங் உண்டு. சரக்கு இருக்கும் டேங்கில் முழு உயரத்துக்கும் மேப்பிங் போட்டால் அதுவும் குருடாகத்தான் போகும். லட்சக்கணக்கில் செலவழித்து அதே தப்பைப் புதிதாகச் செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், நல்லவேளை கேட்டார்கள்.

மேப்பிங்கை அழித்ததுமே டேங்க் சரியாகிவிட்டது, அது இரண்டு நிமிட வேலை. நவம்பரில் டேங்க் சுத்தம் செய்யக் காலியானபோது முறையாக மறுபடி போட்டேன். எக்கோ தொலைந்தால் அலாரம் என்று மாற்றினேன். கர்வையும் டிரெண்டையும் ரெஜிஸ்டரின் இரண்டு பக்கங்களையும் ஒரே தாளில் அச்செடுத்துக் காலைக் கூட்டத்தில் வைத்தேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருத்தம் என்று ஒரு வார்த்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். முதல் முறை குறைந்தபோதே மேலே ஏறியிருக்க வேண்டும் அண்ணே என்றேன். "இப்பவாவது ஏறினியே" என்றார், பேச்சை மாற்றி என் பையன் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

சுத்தம் செய்து டேங்கை மறுபடி நிரப்பிய பிறகு லெவல் முதல் முறையாக 6.30-ஐக் கடந்து இறங்கியது ஒரு நைட் ஷிஃப்டில். அவர்தான் டியூட்டி. நான் வீட்டுக்குப் போகாமல் எலக்ட்ரிகல் ரூம் பக்கம் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் குரல் வந்தது. 6.32. 6.29. 6.26. 6.23. டோட்டலைசர் எண்ணையும் சேர்த்தே சொன்னார், நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். 5.88 வரை விடாமல் சொல்லிவிட்டு, "எழுதிட்டேன் தம்பி, நீ வீட்டுக்குப் போ" என்றார்.